இரண்டு வால் ஒயர்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காவும் ஒரே டிவியை ஒரே நேரத்தில் பார்க்கும் அளவுக்குச் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே நேரம் குறித்த காது இது. டிவியை நாற்பதில் வைத்தால்தான் எனக்குக் கேட்கும். பன்னிரண்டைத் தாண்டினால் உன் அக்காவுக்கு மண்டை வெடிக்கும். போன வாரம் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் என் தம்பி வீடுதான் எனக்கு. நீங்களும் உங்க டிவியும் குடும்பம் நடத்துங்க"ன்னு சொல்லிட்டா. ஓடினேன் ரேடியோ கடைக்கு. கடைக்காரர் ஒரு ஒயர் கொடுத்தார் மச்சான், அடடா, ஒரு சாண்தான் இருக்கும், ஒரு தலை, இரண்டு வால்! தலையை டிவியில் சொருகினால் போதும், ஒரே சத்தம் இரண்டு வாலிலும் பிரிந்து வரும். முதலில் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டோம். நீளம் பற்றாமல் தோளோடு தோள் உரச உட்கார வேண்டியதாயிற்று. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு நெருக்கம் இல்லை. பால்காரர் வந்தாரென்று உன் அக்கா எழுந்தாள், கூடவே டிவியும் எழுந்தது. பாய்ந்து பிடித்தேன். "நல்லா கண்டுபிடிச்சீங்க போங்க!"ன்னா. நான் விடுவேனா? ஒரு வாலில் என் ஹெட்போன், இன்னொரு வாலில் நீள ஒயர் போட்டு ஒரு குட்டி ஸ்பீக்கர். அதற்குத் தனித் திருகு இருக்கிறது, வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்வாள். சமைக்கப் போனால் கையோடு தூக்கிக்கொண்டு போவாள். பெட்டி பரண் ஏறிவிட்டது!

இந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் நேற்று உனக்குப் போன் போட்டேன். எனக்குப் போனும் சரியாகக் கேட்காதே, அதனால் டிவியை அணைத்துவிட்டு ஒயரைப் பிடுங்கி அப்படியே போனில் சொருகினேன். "அப்பாடா, தப்பிச்சேன் மாமா! போன தடவை அக்கா வந்து பத்து நாள் இருந்ததுல என் பொண்டாட்டி பாதியா எளச்சுட்டா. உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன், அங்கயே வெச்சுக்குங்க"ன்னு நீ சொன்னியே, ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது! சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த உன் அக்காகூட, நம் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று சட்டென்று நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு நிம்மதி அவளுக்கு.

ஆகவே நீ எதற்கும் கவலைப்படாதே. உன் மனைவிக்கு என் ஆசீர்வாதம், உடம்பு தேறட்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் மாமா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். ஸ்பீக்கரைக் காணோம். பரணில் பெட்டியைக் காணோம். அப்போதுதான் உறைத்தது: நேற்று ஒயரைப் போனில் சொருகியபோது ஸ்பீக்கர் வாலை நான் கழற்றவே இல்லை. நான் பேசினது அதில் வராது மச்சான், நீ பேசினது மட்டும்தான் வரும். ஒயரையும் கையோடு கொண்டுபோய்விட்டாள், இனி உனக்குப் போன் போட்டாலும் எனக்குக் கேட்காது. இது உன் கைக்கு வருமுன் அவள் வந்திருப்பாள். டிவியை நாற்பதில் வைத்துப் பார்த்தேன். குறைக்கச் சொல்ல ஆளில்லாமல் ஒன்றுமே ரசிக்கவில்லை. என் காலைத் தொட்டுக் கும்பிடுவதாகச் சொன்னாயே, அதை அவள் காலில் செய்து சீக்கிரம் அனுப்பிவை.