மூலை பார்க்கும் எலுமிச்சம்பழம்

எழுபத்துநான்காம் வருஷக் கோடையில், வாளையாருக்குத் தெற்கே எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு வீடு கைமாற வேண்டுமென்றால் மூன்று பேர் வேண்டியிருந்தது. விற்கிறவர், வாங்குகிறவர், கனிச்சாமி. முதல் இரண்டு பேர் இல்லாமல்கூடக் காரியம் நடந்திருக்கும். கனிச்சாமி இல்லாமல் நடக்காது.

அவர் வருகிறார் என்றால் தெருவே திரண்டுவிடும். காவி வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு எலுமிச்சம்பழம். வீட்டுக்குள் வந்து நான்கு சுவரையும் பார்ப்பார். கண்ணை மூடுவார். முன்கூடத்தின் நடுவில் பழத்தை வைத்து விரலை எடுப்பார். பழம் தானாக உருளும். ஏதாவது ஒரு மூலையில் போய் நிற்கும். அந்த மூலையில்தான் வில்லங்கம். ஈசான மூலை என்றால் முனி. அக்கினி மூலை என்றால் செய்வினை. கன்னி மூலை என்றால் நாக சாபம். வாயு மூலை என்றால் தீயில் வெந்த பெண். பழம் எங்கே போனாலும் அங்கே குடியிருக்க ஒரு ஆளை அவர் தயாராக வைத்திருந்தார். பழம் அசையாமல் இருந்துவிட்டால் அதுதான் ரொம்ப மோசம். நடுவீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இத்தனை வீடுகளில் ஒரு வீடாவது சுத்தமாக இருக்கக் கூடாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லார் வாயும் திறந்துதான் இருந்தது. கேட்பதற்காக அல்ல.

திறந்த வாய்களில் பெரியது ஈஸ்வரமூர்த்தியுடையது.

ஈஸ்வரமூர்த்தி நல்ல மனிதர். நான்கு ஏக்கர் கடலைக்காடு, வெள்ளி தவறாமல் மாரியம்மன் கோயில், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனசு. தான் விவரமானவர் என்ற எண்ணம் ஒன்றுதான் அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம்.

அவர் வீட்டில் எல்லாம் இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. இரண்டு தெரு தள்ளிப் பொதுக்கிணறு. அங்கிருந்து தினம் ஆறு குடம் என்று பன்னிரண்டு வருஷமாகச் சுமந்து சுமந்து மனைவி மருதாத்தாளின் இடது முழங்கால் போய்விட்டது. ஊர்க்கோடியில் கமலாத்தாள் வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு இருவரும் பார்க்கப் போனார்கள். மருதாத்தாள் சுவரையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. அடுப்படியிலிருந்து கொல்லைக் கிணறுவரை நடந்தாள். திரும்பி வந்து, "மூணு எட்டுங்க" என்றாள். அந்த மூன்று எட்டுக்காக எப்படியும் அந்த வீட்டை வாங்கிவிடுவது என்று ஈஸ்வரமூர்த்தி முடிவு செய்தார்.

இதுவரை சரி. விலை பேசும்போதுதான் அவருடைய விவரம் வேலை செய்தது. தரகன் செங்கோட்டையன் அவர் காதில், "ஏனுங்ணா, கனிச்சாமியக் கூட்டியாந்து ஒருக்கா பாத்துப்புடலாமுங்களா?" என்றான். கூட்டி வந்தார்கள். பழம் உருண்டு வாசற்படியில் போய் நின்றது. "வாசல்ல முனி" என்றார் சாமி. கமலாத்தாள் வயதான கைம்பெண். வீட்டை விற்றுவிட்டுப் பொள்ளாச்சியில் மகளோடு போய் இருக்கப்போகிறவர். நாற்பது வருஷமாகத் தாம் தாண்டிய வாசற்படியை ஒரு நிமிஷம் பார்த்தார். விலையில் கால்வாசியைக் குறைத்துக்கொண்டார்.

அன்று வீடு திரும்பிய ஈஸ்வரமூர்த்தி, மிச்சமான பணத்தில் ஒரு வால்வு ரேடியோ வாங்குவது என்று தீர்மானித்துவிட்டார்.

"அந்தக்கா பாவமுங்க" என்றாள் மருதாத்தாள்.

"முனி இருந்தா நாம என்ன புள்ள பண்றது? இருவத்தியொரு ரூவாயில பரிகாரம் பண்ணுனாப் போயிரும்னு சாமி சொல்லிட்டாரு."

இருபத்தோரு ரூபாய்க்கு ஊரைக் காலி பண்ணுகிற முனி எவ்வளவு ஏழை முனியாக இருக்க வேண்டும் என்று அவர் யோசிக்கவில்லை. அவர் மனசில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

வைகாசி முடிவதற்குள் மீதிப் பணம் தந்து ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், எழுதிக்கொள்ள வேண்டும். தவறினால் கிணற்று வீடு வேறு ஆளுக்கு. அதற்குமுன் இருக்கிற வீட்டை விற்றாக வேண்டும். விற்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பதினோரு பேர் வந்து பார்த்தார்கள், பதினோரு பேரும் காப்பி குடித்தார்கள். ஒருவர் அடுப்படி இருட்டு என்றார். ஒருவர் சுவரைக் காலால் உதைத்துப் பார்த்தார். "மழை வந்தா ஒழுகுமுங்களா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இந்த ஊர்ல மழையே வராதுங்க" என்று பதில் சொல்லி, அதையும் விவரம் என்றே நினைத்துக்கொண்டார் ஈஸ்வரமூர்த்தி. இதற்குள் பாத்திரங்கள் சாக்குக்குள் போய்விட்டன. ஆட்டுக்கல்லைப் பெயர்த்து வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். மருதாத்தாள் ஒற்றைச் சட்டியில் சோறும் குழம்பும் மாறி மாறிச் செய்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவதாக வந்தவர் செல்லத்துரை. சக்குபள்ளத்து ஏலக்காட்டுக்காரர். மலைப்பனி அவர் மனைவி சாந்தம்மாளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சிளைப்பு. வெயில் அடிக்கிற ஊருக்கு இறங்கிவிடச் சொல்லி டாக்டர் சொன்னதால் வாளையாரில் லாரி ஷெட்டில் மேஸ்திரி வேலை பிடித்திருந்தார். மூன்று பஸ் மாறி வந்தவர், முன்பின் பார்த்திராத மனிதர்களுக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய் கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"இந்த வெயிலு போதும் அண்ணாச்சி. அவளுக்கு இதுதான் மருந்து."

"தண்ணி மட்டும் ரெண்டு தெரு தள்ளித்தானுங்க" என்றாள் மருதாத்தாள். ஈஸ்வரமூர்த்தி அவளைப் பார்த்து முறைத்தார். வலிய வந்த ஆளிடம் இதை ஏன் சொல்ல வேண்டும்?

"அதுக்கென்ன மதினி. நான் சுமந்துக்கிடுதேன்."

ஈஸ்வரமூர்த்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. பன்னிரண்டு வருஷத்தில் இந்த யோசனை அவருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

செல்லத்துரை விலை பேசவில்லை. வெள்ளிக்கிழமை அச்சாரத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார். சொன்னபடி வந்தார். ஆனால் அவருக்கு முன்பே செங்கோட்டையனும் கனிச்சாமியும் பாதி ஊரும் வந்து முன்கூடத்தில் நின்றிருந்தார்கள்.

"உங்கள ஆரு வரச் சொன்னது?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"வாங்கறப்பப் பாத்தமில்லீங்ணா. விக்கறப்பப் பாக்க வேண்டாமுங்களா? அந்த மலைக்காரரும் மனுசன்தானுங்களே" என்றான் செங்கோட்டையன்.

நியாயமாகத்தான் பட்டது. தன் வீட்டில் வில்லங்கம் இருக்காது என்று ஈஸ்வரமூர்த்தி உறுதியாக நம்பினார். வில்லங்கமெல்லாம் அடுத்தவர் வீட்டில்தானே இருக்கும். "நல்லா உருட்டிப் பாருங்க சாமி" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

பழம் உருண்டது. வடமேற்கு மூலையில் போய் நின்றது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"வாயு மூலை" என்றார் கனிச்சாமி. "ஒரு பொண்ணு நிக்கறா. நெருப்புல மாட்டுனவ. மூச்சுத் திணறிச் செத்தவ."

செல்லத்துரையின் முகம் வெளுத்துவிட்டது. சாந்தம்மாளின் இளைப்பைப் பற்றிச் செங்கோட்டையனிடம் சொன்னது ஈஸ்வரமூர்த்திதான். அது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பெண் அவர் கண்ணுக்குக் கொஞ்சம் தெரியவே செய்தாள். சிவப்புச் சேலை.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி" என்றார் செல்லத்துரை. "அவ ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கா. தெரிஞ்சே இங்க எப்படிக் கூட்டிட்டு வருவேன்?"

"வெசனப்படாதீங்ணா" என்று செங்கோட்டையன் ஈஸ்வரமூர்த்தியின் தோளில் கைவைத்தான். "என்ற மச்சானுக்குப் பேயி பிசாசுப் பயமெல்லாம் கெடையாது. முக்கா வெலைக்கு எடுத்துக்குவான். இன்னைக்கே அச்சாரம்."

வைகாசி முடிய ஒன்பது நாள் இருந்தது. முக்கால் விலைக்குக் கிணற்று வீடு வராது. விற்காவிட்டாலும் வராது. ஈஸ்வரமூர்த்தி தலையாட்டத் தொடங்கினார். பாதி ஆட்டியிருப்பார்.

"எல்லாரும் சித்த காலத் தூக்கிக்கோங்க."

மருதாத்தாள் இடுப்பில் நிறைகுடத்தோடு அடுப்படியிலிருந்து வந்தாள். சுவரிலிருந்த மாரியம்மன் படத்தை ஒருதரம் பார்த்தாள். குடத்தை அப்படியே நடுக்கூடத்தில் கவிழ்த்தாள்.

கூட்டம் ஐயோ என்றது. பெண் பேய்க்காக அல்ல, தண்ணீருக்காக. அந்தக் கோடையில், அந்தக் காலை வைத்துக்கொண்டு, அவள் நொண்டி நொண்டிக் கொண்டுவந்த மூன்றாவது குடம் அது. தண்ணீர் பரவியது, ஒன்றுகூடியது, பழம் போன தடத்திலேயே நகர்ந்து வாயு மூலைக்குப் போனது. அங்கே சுவரோரம் இருந்த சலதாரை ஓட்டை வழியாக வெளியே வாழைமரத்துக்கு இறங்கியது.

"பன்னெண்டு வருசமா நாந்தானுங்க இந்தத் தரையக் கழுவறேன்" என்றாள். "எங்க ஊத்துனாலும் அந்த மூலைக்குத்தான் போகும். கழுவுன தண்ணி வெளிய போறதுக்குத் தரை போட்டவங்க வாட்டம் வெச்சிருக்கறாங்க. பழமும் வாட்டத்துலதான உருளும்?"

கனிச்சாமி அனுபவசாலி. "அம்மணி, பழத்தை இழுக்கறவ தண்ணிய இழுக்க மாட்டாளா?" என்றார். கூட்டம் தலையாட்டியது. அதுவரை எதற்கெல்லாமோ ஆட்டிய தலைகள், பழக்கம் விடவில்லை.

"அப்புடியுங்களா" என்று உள்ளே போனாள் மருதாத்தாள். உட்கார்ந்து சாப்பிடுகிற மணைப்பலகையையும் ஒரு கொட்டாங்குச்சியையும் கொண்டுவந்தாள். பலகையைக் கனிச்சாமிக்கு முன்னால் போட்டு, வாயு மூலைப் பக்கத்து முனைக்கடியில் கொட்டாங்குச்சியைக் கொடுத்து உயர்த்தினாள்.

"இதுமேல வெய்யுங்க."

கனிச்சாமி வைக்கவில்லை. செல்லத்துரை குனிந்து பழத்தை எடுத்துப் பலகையின் நடுவில் வைத்து விரலை எடுத்தார். பழம் வாயு மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருண்டு வந்து, கனிச்சாமியின் கால் பெருவிரலில் முட்டி நின்றது.

"அந்தப் பொண்ணு இப்ப உங்க மேல எறங்கிட்டாளாட்டம் இருக்குதுங்க" என்றாள் மருதாத்தாள். "பலகையத் திருப்பிப் போட்டாச் செங்கோட்டையண்ணன் மேல எறங்குவா. போடட்டுங்களா?"

செங்கோட்டையன் சட்டென்று இரண்டடி பின்னால் போனான். முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. சிரித்து முடித்ததும், தங்கள் தங்கள் வீட்டில் உருண்ட பழம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"ஊட்டுக்கு வந்தவங்க மேல கை வெக்கறது என்ன பழக்கமுங்க? வெயில்ல வந்திருக்காரு" என்று மருதாத்தாள் குறுக்கே வந்தாள். கனிச்சாமியை உட்காரவைத்து ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

அடி வாங்கியிருந்தால் அவர் சாபம் கொடுத்திருப்பார். மோருக்குக் கொடுக்க அவரிடம் சாபம் இல்லை. பாதி குடித்துவிட்டு உண்மையைச் சொல்லத் தொடங்கினார். முப்பது வருஷம் தரை போடுகிற கொத்தனாராம். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு குத்தவைத்து உட்கார முடியவில்லை. "வாட்டமில்லாத தரைய நான் பாத்ததேயில்லீங்க அம்மணி. ஒண்ணு சலதாரைக்குப் போகும். இல்லாட்டிப் போட்டவன் தப்புப் பண்ணுன பக்கம் போகும். என்ன பேயி, எந்த மூலைன்னு சொல்லிக் குடுத்ததெல்லாம் செங்கோட்டையன். வெல கொறஞ்சதும் ஒண்ணு வாங்கறவங்ககிட்டத் தரகு எடுப்பான், இல்லாட்டி அவன் மச்சான் வாங்குவான். பொறகு பரிகாரம் பண்ணியாச்சுன்னு முழு வெலைக்கு விப்பான்."

எல்லாரும் செங்கோட்டையனைத் தேடினார்கள். அவன் குடை மட்டும் இருந்தது.

"அப்ப, கமலாத்தாக்கா ஊட்டு வாசப்படிக்குப் போன பழம்?" என்று மெல்லக் கேட்டாள் மருதாத்தாள்.

"அது போட்டவன் தப்புங்க."

கூட்டம் மொத்தமும் ஈஸ்வரமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தது. அவர் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

செல்லத்துரை அன்றே அச்சாரம் கொடுத்தார். "நல்ல வாட்டம் மதினி. கழுவ லேசா இருக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் ஈஸ்வரமூர்த்தி கமலாத்தாள் வீட்டுக்குப் போனார். முன்கதவு சாத்தியிருந்தது. கொல்லைப்பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"பழைய வெலைக்கே ஆதாரம் எழுதிக்கலாமுங்கக்கா."

"ஏந்தம்பி, வாசல்ல முனி நிக்குதுன்னாங்களே?"

"முனியெல்லாம் இல்லீங்க. அன்னைக்கு அங்க நின்னது நானும் செங்கோட்டையனுந்தான்."

கமலாத்தாள் சாத்தியிருந்த முன்கதவைப் பார்த்தார். "ஒரு மாசமா நான் முன்வாசல்ல காலே வெக்கலீங்க தம்பி. பொழுதெறங்குனாக் கொல்லைக்கதவையும் சாத்திக்குவேன்" என்றார். பிறகு அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். கால்வாசி விலையைக் குறைத்தது அவருக்குத் தெரியும். சொந்த வீட்டில் ஒரு கிழவியைத் திருடியைப் போல் பின்வழியாக நடக்கவைத்தது அன்றுதான் தெரிந்தது. வரும்போது இருவருமாக முன்வாசல் வழியாகவே வந்தார்கள். ரேடியோ போயிற்று. போகட்டும்.

வைகாசி கடைசியில் குடிபோனார்கள். மருதாத்தாள் மூன்று எட்டு வைத்து முதல் குடம் தண்ணீர் இறைத்து வந்தாள். பால் காய்ச்சிச் சாமி கும்பிட்டு முடித்ததும் சீமாறை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். ஐம்பத்திரண்டு வயதில் ஈஸ்வரமூர்த்தி முதன்முதலாக ஒரு தரையைக் கழுவினார். ஊற்றிய தண்ணீரெல்லாம் வாசற்படிக்கு வந்து தேங்கி அவர் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"முனி வந்துட்டாருங்க, கும்புட்டுக்கோங்க" என்றாள் மருதாத்தாள்.

அந்த வாரமே மூன்று பேர் தனித்தனியாக வந்து, கனிச்சாமி இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று ரகசியமாக ஈஸ்வரமூர்த்தியைக் கேட்டார்கள். வீடு வாங்கப்போகிறார்களாம், சும்மா ஒரு மனத்திருப்திக்காம். ஈஸ்வரமூர்த்தி மூன்று பேருக்கும் சீமாறை நீட்டினார். "மொதல்ல உங்க ஊட்டுத் தரைய நீங்களே கழுவிப் பாத்துட்டு வாங்க. அப்பறம் சொல்றேன்."

ஒருவரும் திரும்பி வரவில்லை. கழுவிப் பார்த்தார்களோ, வேறு சாமியைத் தேடிப் போனார்களோ, தெரியாது. மாரியம்மனைக் கும்பிடுவோம். அவள் யார் வீட்டு மூலையையும் கெடுப்பதில்லை. தாகத்துக்கு மோர் கொடுக்கிற கையை அவள் கட்டாயம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் யாரோ காட்டிய சரிவிலெல்லாம் உருண்டு போய் மூலையில் நிற்பதற்கு, நாம் என்ன எலுமிச்சம்பழமா?