ரைன் நதியில் நான் பிடித்த நோன்பு

நான் சுத்தமான பயந்தாங்கொள்ளி. நாய், இடி, மாடிப்படியில் எதிரே வரும் வீட்டுக்காரம்மா என்று எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். ஆனால் என் ஆயுளிலேயே நான் மிக அதிகமாகப் பயந்தது ஒரு ரொட்டிக்குத்தான். சிரிக்காதீர்கள். அந்த ரொட்டியால் ரைன் நதியில் ஒரு கப்பலே நின்றது.

எழுபதுகளின் தொடக்கம். காயல்பட்டினத்துப் பையனான நான் சென்னையில் வேதியியல் படித்துவிட்டு, ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஜெர்மனியின் எர்லாங்கன் நகருக்குப் போயிருந்தேன். ஊரில் இருந்தவரை சோறு, இடியாப்பம், ஆப்பம் என்று அரிசியிலேயே வளர்ந்த உடம்பு இது. எர்லாங்கனிலோ காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. (அந்த ஊர்க்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பெயரே ‘மாலை ரொட்டி’ என்றுதான் வைத்திருக்கிறார்கள். தப்பிக்க வழியே கிடையாது.)

சில மாதங்களில் என் சட்டை தோளில் தொளதொளத்தது. கை கால் குச்சியானது, வயிறு மட்டும் பானை. எந்த மாடியில் எந்தக் கதவுக்குப் பின்னால் கழிவறை இருக்கிறது என்ற விஷயத்தில், அந்தக் கட்டடத்தைக் கட்டியவரைவிட எனக்குத் தேர்ச்சி அதிகம். கடைசியில் ஒரு டாக்டர் என்னை ஒரு குழாயை விழுங்க வைத்து, சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்று ஒரு பசை இருக்கிறது. அது என் குடலுக்கு விஷம். ஆயுள் முழுவதும் ஒரு துண்டு ரொட்டிகூடக் கூடாது.

“சோறு சாப்பிடலாமா டாக்டர்?”

“தாராளமாக.”

அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்காததுதான் பாக்கி.

வியாதி பற்றிய பயம் போய்விட்டது. அடுத்த பயம் வந்தது. நோயாளி என்று தெரிந்தால் உதவித்தொகையை நிறுத்தி விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று மாணவர்கள் மத்தியில் ஒரு பேச்சு இருந்தது. எக்ஸ்ரேயில் புள்ளி விழுந்த யாரோ ஒருவரை அப்படித்தான் அனுப்பினார்களாம். அந்த யாரோவை யாரும் பார்த்ததில்லை. எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பயப்பட ஒரு வதந்தி போதும். என் ஆராய்ச்சியோ பாதிதான் முடிந்திருந்தது. ஊரிலோ வரப்போகும் டாக்டர் பட்டத்தை நம்பி உம்மா பெண் பார்க்கவே தொடங்கிவிட்டார்கள்.

அதனால் வியாதியை மறைத்தேன். தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்: அதே ஆய்வுக்கூடத்தில் என்னைவிட மூத்தவரான தேவராசா அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், பயம் என்றால் என்னவென்று அறியாதவர். உணவகத்தில் எதை நீட்டினாலும் நான், “பன்றி இருக்கிறதா? நான் முஸ்லிம், கூடாது” என்று சொல்லித் தப்பித்து, அறைக்குப் போய்ச் சோறு பொங்கிக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பேராசிரியருக்கு அறுபது வயது நிறைந்தது. அதைக் கொண்டாட ஆய்வுக்கூடத்தையே ரைன் நதியில் மூன்று நாள் கப்பல் பயணத்துக்கு அழைத்தார். மாயின்ஸ் நகரில் ஏறி, கொலோன் வரை போய்த் திரும்ப வேண்டும். வர முடியாது என்று சொல்லலாமா என்றால், அந்த மாதம்தான் என் உதவித்தொகை நீட்டிப்புக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

“தம்பி, பேசாமல் உண்மையைச் சொல்லிப் போடும்” என்றார் தேவராசா அண்ணன்.

“முடியாதுண்ணே. பயமா இருக்கு.”

“அப்ப மூண்டு நாளும் ஆத்துத் தண்ணியைக் குடிச்சுக்கொண்டு இரும்.”

என்னிடமும் ஒரு திட்டம் இருந்தது. பெட்டியில் பொரி, அவித்த முட்டை, வாழைப்பழம். மேசையில் எது வந்தாலும், “பன்றி, மன்னிக்கவும்” என்று சொல்லிவிட வேண்டியது. அப்புறம் அறைக்குப் போய்ப் பொரி தின்ன வேண்டியது.

ஜூலை மாதம். வெயில் அடித்தது. கப்பல் புறப்பட்டது. இருபுறமும் திராட்சைத் தோட்டங்களும் கோட்டைகளும் நகர்ந்தன. எல்லோரும் அவற்றைப் பார்த்தார்கள். நான் சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டில் என்னைப் பேராசிரியரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நல்ல உயரம், வெள்ளிக் கூந்தல். ஜெர்மனில் ஆணுக்கு ‘ஹெர்’, பெண்ணுக்கு ‘ஃப்ராவ்’; அந்தக் கால வழக்கப்படி அவரையும் ‘ஃப்ராவ் ப்ரொஃபெஸர்’ என்றே அழைப்போம். எல்லோருக்கும் பன்றி இறைச்சி வந்தது. நான் ஒத்திகை பார்த்த வசனத்துக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் புன்னகைத்தார்.

“கவலைப்படாதீர்கள், ஹெர் காதர். உங்களுக்காகத் தனியாக மீன் செய்யச் சொன்னேன். பன்றிக் கொழுப்புகூட இல்லை, வெண்ணெயில் பொரித்தது.”

வந்தது மீன். ரொட்டித்தூளில் புரட்டிப் பொன்னிறமாகப் பொரித்திருந்தார்கள். மேலே மாவு கரைத்த வெள்ளைச் சாறு. பக்கத்தில், போதாக்குறைக்கு, நூடுல்ஸ். அத்தனையும் கோதுமை.

முள்கரண்டியை எடுத்தேன், வைத்தேன். தண்ணீர் குடிக்கலாமா என்று யோசித்தேன். நெற்றியில் வேர்வை ஓடியது. அந்த அம்மா என்னையே பார்த்தார்.

“ஏன் சாப்பிடவில்லை? உடம்பு சரியில்லையா?”

நான் உலகத்திலேயே பயந்த கேள்வி அதுதான். பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். அப்போது அந்த அம்மாவின் முகம் திடீரென்று மலர்ந்தது.

“ஓ! ரமதான்! இது உங்கள் நோன்பு மாதம், இல்லையா? எங்கள் தெருவில் துருக்கிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரியும்.”

நோன்பு மாதம் வர இன்னும் வெகுநாள் இருந்தது. ஆனால் ‘உடம்பு சரியில்லை’ என்ற வார்த்தையிலிருந்து தப்பிக்க ஒரு கதவு திறந்ததே என்று நான் தலையை ஆட்டிவிட்டேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. வெறும் தலைதான் ஆடியது.

“என்ன கொடுமை!” என்றார் அவர். “பகல் முழுவதும் தண்ணீர்கூடக் கிடையாதல்லவா?”

என் கை தண்ணீர்க் கோப்பைக்குப் பாதி வழியில் இருந்தது. அதைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டேன். எதிர் மேசையில் தேவராசா அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் மரியாதை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மரியாதையில் நான் செத்தேன். என் எதிரில் யாரும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஃப்ராவ் ப்ரொஃபெஸர் கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் மேல்தளத்துக்குப் போனால் பீர்க் கோப்பைகள் நாற்காலிக்கு அடியில் மறைந்தன. நான் கீழே போனால் கேக் தட்டுகள் மறைந்தன. அறைக்குப் போய்ப் பொரி தின்னலாம் என்றால், வெயிலில் மயங்கிவிடுவேன் என்று என்னோடு மாறி மாறி ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் ஜூலை மாதம் சூரியன் எப்போது மறைகிறது என்று தெரியுமா? ராத்திரிச் சாப்பாடு முடிந்து, ஆட்டம் பாட்டம் முடிந்து, எல்லோரும் கொட்டாவி விடும்போதுதான். மலைக்கு மேல் அந்தச் சூரியன் ஆணி அடித்தாற்போல் நின்றது. (அந்த வருடம் உண்மையான நோன்பில்கூட நான் இவ்வளவு பேணுதலாக இருந்ததில்லை. டாக்டர் நோன்பு கூடாது என்று சொல்லியிருந்தார்.)

ஒருவழியாக அது மலையைத் தொட்டபோது எல்லோரையும் மேல்தளத்துக்கு வரவழைத்தார்கள். கேப்டனே வந்திருந்தார். சூரியன் மறைந்த கணத்தில் அவர் சைகை காட்ட, கப்பல் ‘போம்’ என்று ஊதியது. கைதட்டினார்கள். ஃப்ராவ் ப்ரொஃபெஸர் எனக்குத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தந்தார். எங்கிருந்துதான் பிடித்தாரோ! கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தோடு விட்டிருக்கலாம்.

“இப்போது முக்கியமானது” என்றார் அவர்.

சமையற்காரர் ஒரு பெரிய தட்டோடு வந்தார். அதில் பின்னல் போட்ட ரொட்டி, குழந்தையின் நீளத்துக்கு. வெண்ணெய் மினுங்கியது. எனக்காகவே அன்று மாலை சுட்டது. அதில் ஒரு பெரிய துண்டை வெட்டி, தன் கையாலேயே என்னிடம் நீட்டினார். கப்பலே மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

“தம்பி, வேண்டாம்” என்றார் அண்ணன் பின்னாலிருந்து மெதுவாக. “தின்னாதையும்.”

தின்றேன். ஒரு துண்டு அல்ல, இரண்டு. உண்மையைச் சொன்னால், சுடச்சுட அது அருமையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்றிரவைப் பற்றி விவரிக்கப் போவதில்லை. எங்கள் வரிசையிலிருந்த ஒரே கழிவறை விடியும்வரை என் வசம் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விடிந்தபோது என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி ஒரு பக்கம், வயிற்றுப்போக்கு ஒரு பக்கம். பணியாள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான். அவன் நடைவழியில் கத்திய வார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“காலரா! இந்தியருக்குக் காலரா!”

அந்த வருடங்களில் அங்கே செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபட்ட பெயர் அது. கேப்டன் கோப்ளென்ஸ் கரையோரம் கப்பலை நிறுத்தினார். ஆனால் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு. என் அறைக் கதவைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் அது திறந்து, தேவராசா அண்ணனையும் உள்ளே தள்ளிவிட்டு மறுபடி சாத்திக்கொண்டது.

“நான் இந்தியா இல்லை, சிலோன் எண்டு சொன்னன். ஆர் கேக்கிறது?” என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார் அண்ணன். “நீர் தலையை ஆட்டினதுக்கு நானும் சேர்ந்து மறியலுக்குள்ள அடைபட்டிருக்கிறன்.”

வெளியே மருந்து நெடி. பிறந்தநாள் விருந்தாளிகள் எல்லோரும் வரிசையில் நின்று கையைக் கிருமிநாசினியில் முக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண் அழுதாள். பேராசிரியர் கேப்டனோடு வாதாடும் குரல் கேட்டது.

“அண்ணே, ஊருக்கு அனுப்பிருவாங்களா?”

“அனுப்பினால் அனுப்பட்டும். இத்தனை சனத்தை அடைச்சு வச்சிருக்கினம், உமக்காக. இனியும் பேசாமல் இருக்க ஏலாது. எழும்பும்.”

அப்போது கதவு திறந்தது. முகத்தில் துணி கட்டிய சுகாதார அதிகாரி. அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி பேராசிரியரும் அவர் மனைவியும். சேர்த்து வைத்திருந்த ஜெர்மன் இலக்கணம் முழுவதும் ராத்திரியே வெளியேறிவிட்டது. மிஞ்சிய சொற்களை வைத்துச் சொன்னேன்.

“காலரா இல்லை. ரமதான் இல்லை. ரொட்டி.”

அதிகாரிக்குப் புரியவில்லை. பிறகு, தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் இடைவெளிகளை நிரப்பினார். அதிகாரி கரைக்குப் போய் எர்லாங்கனிலிருந்த என் டாக்டரோடு தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்தபோது முகத்துணியைக் கழற்றியிருந்தார். அன்று முழுவதும் என் மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் கப்பல் புறப்பட அனுமதித்தார்.

பேராசிரியர் வாசலிலேயே நின்றார்.

“அப்படியானால், ஹெர் காதர்” என்றார், “என் அறுபதாவது பிறந்தநாள் பீரை நான் கழிவறைக்குள் நின்று குடித்தது எதற்காக?”

அண்ணன் சிரித்துவிட்டார். நான் அழுதேன். அழுகையினூடே, “நோயாளி என்று என்னை ஊருக்கு அனுப்பிவிடுவீர்களா?” என்று கேட்டேன்.

“எதற்கு? என் இரண்டு உதவியாளர்களுக்குச் சர்க்கரை. எனக்குச் சிறுநீரகத்தில் கல். எல்லோரையும் அனுப்பிவிட்டு ஆய்வுக்கூடத்தை யார் நடத்துவது?”

அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலருகே வந்து என் கையைப் பிடித்தார். “நான் அல்லவா என் கையால் கொடுத்தேன்” என்றார். “ஒரு உருளைக்கிழங்கு வேகவைக்க எவ்வளவு நேரமாகும்? சொல்லியிருக்கக் கூடாதா?”

இத்தனை பயத்திலும் எனக்குத் தோன்றாத விஷயம் அது.

கொலோன் வரைக்கும், திரும்பி வரும்போதும் எனக்கு வேளாவேளைக்கு உருளைக்கிழங்கு வந்தது. அவரே சமையலறைக்குப் போய்ப் பானையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். நீட்டிப்புத் தாளில் கையெழுத்தும் விழுந்தது. அதற்குப் பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் அந்த அம்மா வாசலிலேயே, “ஹெர் காதருக்குக் கோதுமை ஆகாது!” என்று உரக்க அறிவித்துவிடுவார். எந்த வியாதியை மறைக்க நான் அந்தப் பாடுபட்டேனோ, அது எர்லாங்கனில் பால்காரர்வரை தெரிந்துபோயிற்று.

எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லாத பெருநாள் கிடையாது. என் மனைவி சொன்னால் ரொட்டி இன்னும் ஒரு முழம் நீளும். என் மகளைப் பெண் பார்க்க வந்தபோதுதான் கதைக்கு ஒரு பயன் கிடைத்தது. மாப்பிள்ளைப் பையன் கூச்சத்தில், முட்டையும் தேங்காய்ப்பாலும் கலந்து அவித்த வட்டலப்பத்தை விழுங்க முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். இன்னொரு கரண்டி வைக்க என் மனைவி குனிந்தாள். அவன் பேசாமல் தட்டை நீட்டினான். கதவோரம் நின்ற என் மகள் பார்த்துவிட்டாள்.

“ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிருங்க. எங்க வாப்பா சொல்லாம இருந்து ஒரு கப்பலையே நிறுத்தினவங்க.”

நான் பயந்து போனேன். பையன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தட்டைக் கீழே வைத்தான்.

“எனக்கு முட்டை ஆகாதுங்க” என்றான்.

“எனக்குச் சம்மதம் வாப்பா” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.