செபஸ்தியார் சங்கத்து ஆணி

"காலைக் கீழ வைக்காதையும்!" என்று கத்தினார் ஜேசுரட்ணம்.

பிளோறன்ஸ் பருப்புச் சட்டியும் அகப்பையுமாகக் குசினி நடுவில் ஒற்றைக் காலில் நின்றாள்.

"என்ன, பாம்போ?"

"ஆணி."

சுத்தியலால் அடித்த அடியில் அது மேசையிலிருந்து தெறித்துப் பறந்திருந்தது. அரைத் தீக்குச்சி நீளம்தான் இருக்கும். உள்ளே வெறுமை, நீளவாட்டில் ஒரு வெடிப்பு. துளைக்குள் அடித்து இறக்கினால் சுருங்கிப் போய், பிறகு விரிந்து இறுகப் பிடித்துக்கொள்ளுகிற சாதி. ஜேர்மன்காரர் அதற்கு ஸ்பான்ஸ்டிஃப்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜேசுரட்ணம் இந்தக் கிழமை அதற்கு வைத்த பெயர்களை, பூசைக்குப் போகிற மனிதர் வாயால் சொல்லக்கூடாது.

மேசையில் பழைய சேலைத்துண்டு விரித்து அதன் மேல் ஒரு காற்றுத் துவக்கு கிடந்தது. விசையைத் தாங்குகிற ஆணிதான் இல்லை. விசை பல்லாடுகிற கிழவன் மாதிரி ஆடியது.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள்," என்றாள் பிளோறன்ஸ், ஒற்றைக் காலில் நின்றபடியே. "ஊரிலையே இப்ப சண்டை நிண்டு போச்சு. நீங்கள் இஞ்சை குசினியில துவக்குப் பூட்டுறியள்."

"இது காத்துத் துவக்கு. தக்காளிப்பழம்கூடச் சாகாது. நீர் அந்த மாதாவை எடுத்துத் தாரும்."

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கேவலார் யாத்திரைத் தலத்து மாதாவின் படம் போட்ட காந்தம் ஒட்டியிருந்தது. ஆவணி மாதத் திருவிழாவுக்குப் போனபோது வாங்கியது. ஜேசுரட்ணம் அதை நூலில் கட்டி, முழங்காலில் நின்று, தரை முழுக்க இழுத்தார். அடுப்புக்கு அடியிலிருந்து மாதா இரண்டு குண்டூசியோடும் அந்த ஆணியோடும் வெளியே வந்தார்.

"மாதா கைவிடேல்லை," என்று பிளோறன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு காலைக் கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான். ஜேர்மனியில் சவர்லாண்ட் மலைப்பக்கத்துச் சிற்றூர் அது. அங்கே புனித செபஸ்தியார் பெயரில் குறிசுடுகிறவர்களின் சங்கம் ஒன்று உண்டு. அம்பு வாங்கின மனிதரையே சுடுகிறவர்களுக்குப் பாதுகாவலராக்கி வைத்திருக்கிறார்களே என்று ஜேசுரட்ணம் முதலில் யோசித்ததுண்டு. ஆனால் சொந்த ஊரான மன்னாரில் அவர் போன கோயிலும் செபஸ்தியார் கோயில்தான். இங்கே ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவில் பச்சைச் சட்டை போட்ட சங்கத்தார் செபஸ்தியாரின் சுரூபத்துக்குப் பின்னால் ஊர்வலம் போவார்கள். ஜேசுரட்ணம் நடைபாதையில் கைகட்டி நின்று பார்ப்பார். இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம். இன்னும் நடைபாதையில்தான் நின்றார். அந்த வரிசையில் கடைசி ஆளாகவாவது நடக்க வேண்டும் என்று அவருக்கு அப்படியோர் ஆசை.

இந்த வருஷம் துணிந்து கேட்டுவிட்டார். சங்கத் தலைவர் பிரிங்க்மான் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் தண்ணிக்குழாய் செய்யிற தொழிற்சாலையில எல்லோ வேலை? அப்ப இரும்புச் சாமானில கை பழகியிருக்கும்."

ஜேசுரட்ணம் அங்கே குழாய்களைப் பெட்டியில் அடுக்குகிறவர். ஆனாலும், "கைன் புறப்ளேம்," என்றார். ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

பிரிங்க்மான் இந்தத் துவக்கையும் ஓர் ஆணியையும், ஊர்வலத்துக்கென்று ஒரு பழைய பச்சைச் சட்டையையும் கொடுத்தார். "ஆணியை ஏத்தித் திருவிழாவுக்கு முதல் நாள் கொண்டு வாரும். ஏலாட்டி வெக்கப்படாமல் அதுக்கு முதலே வாரும். கதவு திறந்து கிடக்கும், பியரும் இருக்கும்."

பியர் என்றால் பிரியாவிடைப் பியர் என்று ஜேசுரட்ணம் விளங்கிக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் சங்கத்தார் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். "ஆணி ஏறிட்டுதோ?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"நல்லது, நல்லது!" என்று தோளில் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு இரவெல்லாம் உறுத்தியது.

ஆணி ஏறவில்லை. எண்ணெய் போட்டார், ஏறவில்லை. செபமாலை சொன்னார், ஏறவில்லை. துளையைச் சுற்றிப் பழைய சுத்தியல் காயங்கள் நிறைய இருந்தன. "எனக்கு முதல் ஆரோ படுமுட்டாள் கை வைச்சிருக்கிறான்," என்று தன் பங்குக்கு இன்னும் இரண்டு காயம் போட்டார்.

கடைசியில் டார்ம்ஸ்டாட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒருமுறை ரயிலில் அறிமுகமான கல்யாணசுந்தரம் அங்கே எஞ்சினியர், கோயம்புத்தூர்க்காரர்.

"ரொம்ப சிம்பிள் சார். பின்னை ஃப்ரீஸர்ல வைங்க, ஷ்ரிங்க் ஆகும். ஹோலை ஹீட் பண்ணுங்க, எக்ஸ்பேண்ட் ஆகும். ஒரே தட்டு, உள்ளே போயிடும்."

ஆணி இரவு முழுக்க விளைமீனுக்குப் பக்கத்தில் உறைந்து கிடந்தது. காலையில் ஜேசுரட்ணம் பிளோறன்ஸின் தலைமயிர் காயவைக்கிற மெஷினால் துவக்கைச் சூடாக்கினார். ஒரே தட்டு. ஆணி காற்பங்கு உள்ளே போய் நின்றது. அதற்குப் பிறகு முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. குறட்டால் பிடுங்கி எடுத்துவிட்டுப் பார்த்தால், சூட்டில் மரப்பிடியின் வார்னிஷ் அப்பளம் மாதிரிப் பொங்கியிருந்தது.

"கைன் புறப்ளேம்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு வார்னிஷ் வாங்கி வந்து பூசினார். காய்வதற்காகத் துவக்கை அலுமாரிக் கதவில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். கீழே என்ன தொங்குகிறது என்று பார்க்கவில்லை.

கீழே தொங்கியது சங்கத்துப் பச்சைச் சட்டை. பிளோறன்ஸ் அவருடைய அளவுக்குப் பிரித்துத் தைத்து, வெள்ளிப் பொத்தான்களை மினுக்கி வைத்திருந்தாள். இப்போது வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ்.

பிளோறன்ஸ் சட்டையைப் பார்த்தாள். துவக்கைப் பார்த்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கட பேர்பெச்சுவா அக்கா எசனிலயிருந்து ஊர்வலம் பாக்கக் கமராவோட வாறா. என்னத்தைப் படம் பிடிக்கிறது? இஞ்சருங்கோ, போய் ஏலாது எண்டு சொல்லுங்கோவன். ஒரு வார்த்தைதானே!"

"அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல ஏலாது, பிளோறன்ஸ். இந்த நாட்டில நான் திறந்த கதவெல்லாம் 'கைன் புறப்ளேம்' எண்டுதான் திறந்தனான். ஏலாது எண்டு சொன்னால், உன்னால ஏலாட்டி ஏன் வந்தனி எண்டு கேப்பாங்கள். எனக்குப் பயமாக் கிடக்கு."

பிளோறன்ஸ் ஆணியை எடுத்துத் துளையில் வைத்து, தையல்காரியின் கண்ணால் பார்த்தாள்.

"நூல் மொத்தமெண்டால் ஆரும் ஊசியைப் போட்டு இடிக்கிறதோ? நூலைத்தானே மாத்திறது. இந்த ஆணி இந்தத் துளைக்குரியது இல்லை."

"விசர்க்கதை கதைக்காதையும். ஜேர்மன்காரன் தந்த சாமான். அளவு பிழைக்குமோ?"

பிளோறன்ஸ் தன் ஊசிப்பெட்டியைத் திறந்தாள். துளைக்குள் சரியாக நுழைந்த ஒரு கோணி ஊசியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இதைவிட ஒரு மயிரிழை மொத்தமா கடையில கேளுங்கோ."

கேட்டார். இருந்தது. வந்து, அடியில் பலகை வைத்து, பறக்காமலிருக்க ஆணியை ஒட்டுநாடாவால் பிடித்து, நுனி தட்டையாக அராவின ஓர் இரும்புக் கம்பியை மேலே வைத்து மெல்லத் தட்டினார். டக். டக். டக். ஆணி சொல்லுக் கேட்கிற பிள்ளையாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஜேசுரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுப் பிளோறன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்டு," என்றார் பிறகு. "அவையள் பிழையான ஆணி தந்தவை எண்டு ஒருத்தருக்கும் சொல்லப்படாது. பாவங்கள், வெக்கப்படுவினம்."

திருவிழாவுக்கு முதல் நாள் பின்னேரம் இருவரும் சங்க மண்டபத்துக்குப் போனார்கள். சட்டையின் கறைக்கு மேல் பிளோறன்ஸ் தைத்த பெரிய பட்டு ரோசாப்பூ இருந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் பியர் வார்க்கிற கிழவி ஃபிராவ் லூக்கே ரோசாப்பூவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

பிரிங்க்மான் சிரித்துக்கொண்டே துவக்கை வாங்கினார். விசையைத் தொட்டார். சிரிப்பு நின்றது. குண்டு ஒன்று போட்டுச் சுவரில் இருந்த அட்டையைச் சுட்டார். நட்ட நடுவில் துளை.

பிரிங்க்மான் துவக்கைத் திருப்பி, ஆணி இருந்த இடத்தை விரலால் தடவினார்.

"ஆணி... புது ஆணியோ?" என்று பிரிங்க்மான் கேட்டார்.

அவருடைய மானம் தன் கையில் இருப்பதாக ஜேசுரட்ணம் நினைத்தார். "இல்லை. நீங்கள் தந்த அதே ஆணிதான். கைன் புறப்ளேம்."

"அதே ஆணியோ!" மூலையில் இருந்த ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிரிங்க்மான் துவக்கை மடியில் வைத்தபடி தொப்பென்று மர வாங்கில் உட்கார்ந்தார். ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

என்ன பிழை விட்டேன் என்று ஜேசுரட்ணம் யோசித்தார். வார்னிஷ் மணக்கிறதோ? நாளைக்கும் நடைபாதைதானோ? மெல்ல ரோசாப்பூவின் மேல் கையை வைத்து மறைத்தார். பிளோறன்ஸ் அவருடைய மற்றக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஃபிராவ் லூக்கே நுரை வழிய ஒரு பெரிய பியரை வார்த்து, ஜேசுரட்ணத்தின் முன்னால் டொங்கென்று வைத்தாள்.

"குடியும் ரட்ணம், நீர் ஆணியை வாங்கின அண்டைக்கே எங்கட ஆள்தான், முப்பது வருஷமா புதுசா வாற எல்லாருக்கும் அந்தப் பிழையான ஆணியைக் குடுத்து, 'என்னால ஏலாது, ஆராவது உதவுங்கோ' எண்டு வந்து நிக்கேக்கை சிரிச்சுக் கட்டிப்பிடிச்சுத்தான் உள்ளை எடுக்கிறம், தலைவரே அழுதுகொண்டுதான் வந்தவர், இப்ப நீர் அதைப் பூட்டிப்போட்டீரே, அடுத்தவனுக்கு நாங்கள் எதைக் குடுக்கிறது?"