பாட்டுப் போடாத கல்யாணக் கேசட்

புதிதாக ஏதாவது யோசியுங்கள் என்று சொன்னால் சாதாரண மனிதர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கு யோசனை வந்துவிடும். கொட்டாவியால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்பதை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு வீடியோ கம்பெனியில் வேலை பார்த்தபோதுதான் நான் புரிந்துகொண்டேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஒரு கேமரா, ஒரு ஹாலஜன் விளக்கு, மூன்று பேர். முதலாளி சீனிவாசன் அண்ணாச்சி. விளக்குப் பிடிப்பவர் முத்தையா. கேமராவைச் சுமப்பவன் நான். (சுமப்பவன் என்று ஊர்தான் சொன்னது. நான் டைரக்டர் என்றே சொல்லிக்கொண்டேன்.)

அந்தக் காலத்துக் கல்யாணக் கேசட்டில் ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. தாமரை விரியும், உள்ளே பெண் சிரிப்பாள். இதயம் துடிக்கும், உள்ளே மாப்பிள்ளை விழிப்பார். பின்னால் முழுக்க முழுக்க சினிமாப் பாட்டு ஓடும். இந்த ஜோடனைக்கெல்லாம் மிக்ஸிங் என்று பெயர்; மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்ச் செய்துகொண்டு வர வேண்டும். இதில் புதுமை செய்ய நான் ஏற்கெனவே ஒருமுறை முயன்றிருந்தேன். தேவதானத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக் கல்யாணம். தாமரைக்குப் பதிலாக டிராக்டர் சக்கரத்துக்குள் மாப்பிள்ளையின் முகத்தை வைத்துச் சுழலவிட்டேன். "எம்புள்ளயச் சக்கரத்துல மாட்டிட்டானே பாவி!" என்று மாப்பிள்ளையின் அம்மா அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாக இரண்டு வீடியோக்காரர்கள் முளைத்தார்கள். முகூர்த்த நாளிலும் நாங்கள் ஈ ஓட்டினோம். ஒருநாள் அண்ணாச்சி சொல்லிவிட்டார்: "ஏலே, இன்னும் ஒரே ஒரு கல்யாணம் பாப்பேன். அதுல பேரு கெடைக்கலைன்னா கேமராவ வித்துட்டு ஜெராக்ஸ் மிஷின் வாங்கிருவேன். நீ பேப்பர வச்சு பட்டன அமுக்கு." எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. டைரக்டராகப் பிறந்தவன் ரேஷன் கார்டுக்கு நகல் எடுத்துக் கொடுப்பதா?

அந்த ஒரு கல்யாணமும் வந்தது. பெண்ணின் அப்பா ராஜபாளையத்து நூல் வியாபாரி பெருமாள்சாமி. மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். கல்யாணம் அங்கே, செலவும் சமையலும் பெண் வீட்டார் பொறுப்பு. பெருமாள்சாமி மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"தம்பி, எம்மகளத் தாமரைக்குள்ள வைக்கப்பிடாது. சம்பந்தகாரவுக ஊர்லயே வீடியோக்காரன் இருக்கான். அவன விட்டுட்டு ஒங்களக் கூட்டிட்டுப் போறேன். எவனும் பாக்காததா இருக்கணும். இல்லைன்னா எனக்குத்தான் மானக்கேடு."

மூன்று பேரும் டீ வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தோம். முத்தையா ரொம்ப நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, "தாமர வேண்டாம்னா ரோசாப்பூ வைப்போமா?" என்றார். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது.

"அண்ணாச்சி, பாட்டே வேண்டாம். நிஜச் சத்தம். மேளம், மந்திரம், சிரிப்பு, கொலுசு. அங்க என்ன கேட்டுதோ, அதே கேசட்டுலயும் கேக்கணும்."

"நல்லாத்தாம்லே இருக்கு" என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் ஜெராக்ஸ் மிஷின் கொஞ்சம் விலகிப் போனது தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கேமராவில் எப்போதும் மைக் உண்டு. ஆனால் அதில் பதிவானதை உலகத்தில் யாரும் கேட்டதில்லை, மேலே பாட்டைப் போட்டு அழித்துவிடுவோம். இது ஊருக்கே தெரியும். ஆகவே கேமரா பக்கத்தில் வந்தால் மக்கள் முகத்தை மட்டும்தான் சரிசெய்துகொள்வார்கள். சிரித்த முகத்தோடு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். (நானும்தான். தோளுக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கும்போது வாய் மட்டும் எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.) இந்த முறை பாட்டு இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இயற்கைத்தன்மை போய்விடுமாம்.

மதுரையில் மிக்ஸிங் செய்பவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பாட்டு வேண்டாமா? இதக் கேட்டுப் பாத்தீங்களா தம்பி?" அவருடைய டிவியில் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. "கேக்க என்னண்ணே இருக்கு? இயற்கை" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

கேசட் வந்ததும் இரண்டு வீட்டாரையும் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டுவது அப்போது கல்யாணத்தின் கடைசிச் சடங்கு. பெருமாள்சாமி வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. மாப்பிள்ளை வீட்டார் பால்கோவாவோடு வந்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் வாசற்படியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

நாதஸ்வரம் எழுந்தது. நிஜ நாதஸ்வரம்! "அடேயப்பா, நேர்ல நிக்க மாதிரியே இருக்கே" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பெருமாள்சாமி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் நான் உண்மையிலேயே டைரக்டராக இருந்தேன்.

அடுத்து மாப்பிள்ளை அழைப்பு. ஆரத்தி எடுக்கும் பெண்ணின் சித்தி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது கணீரென்று கேட்டது: "ஏட்டி, போட்டோவுல முடி இருந்துச்சேட்டி!"

மாப்பிள்ளை மெதுவாக நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். யாராவது பேசுவதற்குள் காலைப் பந்தி வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை கேமராவுக்குக் கும்பிடு போட்டபடியே சொன்னார்: "சாம்பாருல பருப்பயே காணும். பருப்ப ராஜபாளையத்துலயே வச்சுட்டு வந்துட்டாக போல."

"அணைங்கய்யா அத!" என்று அண்ணாச்சி பாய்ந்தார். "அணைக்கப்பிடாது" என்றார் சித்தி. "இன்னும் என்னென்ன சொன்னாகன்னு கேக்கணும்." "ஆமா, ஓடட்டும். நாங்களும் கேக்கணும்" என்றார் அத்தை. அன்று முழுவதும் அந்த இரு வீட்டாரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இது வரைக்கும் கூட நான் தப்பித்துவிடலாம் என்றே நினைத்தேன். மைக்குக்கு எல்லாரையும்விடப் பக்கத்தில் இருந்த வாய் யாருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையில் பெருமாள்சாமி பட்டு வேட்டியோடு கம்பீரமாக நடந்து வந்தார். கோயில் ஒலிபெருக்கி போல என் குரல் எழுந்தது: "முத்தையாண்ணே, லைட்ட அவரு வழுக்கையில அடிக்காதீக, எனக்குக் கண்ணு கூசுது." தொடர்ந்து, "தாய்மாமன் மூஞ்சிய ரொம்பக் காட்ட வேண்டாம், கேசட்டு வீணாப் போயிரும்." தொடர்ந்து, "பொண்ணு அழுவுது, அழட்டும், நல்லாருக்கு."

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. பெருமாள்சாமியின் தலை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திரும்பியது. முத்தையா என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அண்ணாச்சியின் உதடு மட்டும் அசைந்தது. ஜெராக்ஸ், ஜெராக்ஸ் என்று சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரையில் தாலி கட்டி முடிந்தது. தாய்மாமன் எழுந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் டிவியிலிருந்து தணிந்த குரலில் மாப்பிள்ளை பேசினார்.

"பசிக்குதா?"

"ரொம்ப" என்றது பெண்ணின் குரல்.

"எனக்கும்தான். செத்த நேரம் பொறு. பால்கோவா ஒளிச்சு வச்சிருக்கேன். யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வாரேன்."

தாய்மாமன் நின்ற இடத்திலேயே நின்றார். முதலில் சிரித்தது அத்தைதான். பிறகு சித்தி. பிறகு கூடமே குலுங்கியது. புதுப்பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, உள்ளிருந்தபடியே, "அப்பா, பாட்டுப் போட்டிருந்தா இது போயிருக்கும்லப்பா" என்றாள். பெருமாள்சாமி கொஞ்ச நேரம் வழுக்கையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, அந்த எடத்த மட்டும் இன்னொருக்கப் போடுங்க."

வெளியாட்களுக்குக் காட்டப் பாட்டுப் போட்ட கேசட் ஒன்று, வீட்டுக்கு இது ஒன்று என்று முடிவானது. அடுத்த வாரமே அத்தை ரகசியமாக மாடியேறி வந்து, பேச்சுக் கேசட்டில் தனக்கொரு காப்பி கேட்டார். அவர் இறங்கும்போது சித்தி ஏறி வந்துகொண்டிருந்தார். இரண்டு ஊரிலும் பேச்சுக் கேசட்டுக்குக் கிராக்கி வந்தது. அண்ணாச்சி கடைசிவரை ஜெராக்ஸ் மிஷின் வாங்கவில்லை.

ஆனால் அதன் பிறகு நான் கேமராவைத் தூக்கினாலே கல்யாண வீடு பரீட்சை அறையாகிவிடும். என் கல்யாணம் இன்னும் மோசம். அண்ணாச்சியே வந்து, "நிஜச் சத்தம்தாம்லே" என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்தார். அந்தக் கேசட்டை என் பிள்ளைகள் இன்றும் வருகிற விருந்தாளிக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார்கள். தாலி கட்டிய கையோடு என் மனைவி என் பக்கம் சாய்ந்து, "இப்படி வேர்க்குதே, கைக்குட்ட தரட்டுமா?" என்று ஆசையாகக் கேட்கிறாள். வாழ்க்கையில் முதன்முதலாக நான் அவளிடம் பேசியது அதில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது: "உஸ்! மைக் இருக்கு."