பின்வரிசைப் பால்

"சார், பின்னாடி கையை விடாதீங்க சார்!"

சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெரியவரின் கை தோள்பட்டை வரை குளிர் அலமாரிக்குள் போய்விட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பால் பாக்கெட்டை உருவிக்கொண்டு, புதையல் எடுத்தவர் போலத் திரும்பினார்.

"முன்னாடி இருக்கறதும் நல்ல பால்தான் சார். நாளைக்கு வரைக்கும் தேதி இருக்கு."

"அப்ப நீயே குடி."

பால் பிரிவு சூப்பர்வைசருக்கு அழுகையே வந்துவிட்டது. பழையது முன்னால், புதியது பின்னால் என்றுதான் எந்தக் கடையிலும் அடுக்குவார்கள். அது கடைக்காரர்களின் ரகசியம். இந்த ஊர் சனங்களுக்கு மட்டும் எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தான்? முன்வரிசைப் பால் தேதி முடிந்து தினமும் குப்பைக்குப் போனது. "இன்னொரு கூடை கொட்டினே, நீயும் அதோடயே போயிடு" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

'எல்லாமே நல்ல பால்' என்று அட்டை மாட்டினார். அதுவரை சந்தேகப்படாதவர்களும் சந்தேகப்பட்டார்கள்.

"நல்ல பாலுக்கு எதுக்குங்க போர்டு?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

கை நுழையாதபடி பாக்கெட்டுகளை நெருக்கி அடுக்கினார். யாரோ இழுத்த இழுப்பில் மொத்த வரிசையும் சரிந்து, தரையெல்லாம் பால். துடைத்ததும் அவரேதான்.

துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. மறுநாள் அடுக்கையே திருப்பிவிட்டார். புதியது முன்னால், பழையது பின்னால்.

சனங்கள் வழக்கம்போல முட்டி மோதி, தோள் வலிக்கக் கையை விட்டு, பழையதைத் தேடிப்பிடித்துச் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். சாயங்காலம் குப்பைக்கு ஒரு பாக்கெட்கூட இல்லை. முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் ஓடினார்.

"இனிமே நம்ம வீட்டுக்கு முன்வரிசையிலேர்ந்து எடு. அதுதான் புதுசு. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே, என் வேலையே இதுலதான் இருக்கு."

"நான் ஏங்க சொல்லப்போறேன்? போன தடவை நீங்க சொன்னதைச் சொன்னேனா?"

சர்க்கரை வாங்க வந்து வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணே இது! நீங்க சொன்னதா இவ சொன்ன 'பின்னாடி எடு'ங்கறதை நான் வீடு வீடாப் போய்ச் சொல்லி முடிச்சதே இப்பத்தான். மறுபடியும் முதல்லேர்ந்தா?"