பலாப்பழக் கம்பெனியும் இரண்டு மேலிடங்களும்

சிரிப்பு உண்டு, கடைசியில். அதுவரைக்கும் முகத்தைத் தாலுகா கச்சேரி குமாஸ்தா மாதிரி வைத்துக்கொண்டு கேட்க வேணும். சர்க்கார் முத்திரை போட்ட சங்கதி இது.

முப்பத்தி நாலாம் வருசம், கொல்லிமலை வளப்பூர் நாட்டு அப்பாசாமியும் லண்டன் கம்பெனி ஹார்ட்லி துரையும் கூட்டாகப் பலாப்பழ ஜாம் கம்பெனி தொடங்கினார்கள். மரம் நாற்பதும் அப்பாசாமியுடையது. அண்டாவும் அதிகாரமும் லண்டனுடையது. "மேற்படி பழங்களை இரு தரப்பு மேலிடங்களின் சம்மதமின்றி வெட்டவோ, விற்கவோ, தின்னவோ கூடாது" என்றது பத்திரம்.

துரைக்கு மேலிடம் லண்டன் ஆபீசு. அப்பாசாமிக்கு மேலிடம் கருப்பனார். சாமி தலையில் பூ வைத்துக் கேட்பார்கள்; வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை.

ஆனியில் பழம் பழுத்தது. வெட்டலாம் என்று லண்டன் எழுதியது. பூ இடப்பக்கம் விழுந்தது. அப்பாசாமி கிடாய் வெட்டி மறுபடி கேட்டார். பூ வலப்பக்கம் விழுந்தது. அன்றைக்கே லண்டனிலிருந்து தந்தி: "பழம் வெட்டுவது மறுபரிசீலனையில் உள்ளது."

சிரிக்காதீங்க, இன்னும் இருக்கிறது.

பேளுக்குறிச்சி வியாபாரிகள் மலையேறி வந்து விலை கேட்டார்கள். அப்பாசாமி பத்திரத்தைக் காட்டிக் கும்பிட்டு அனுப்பினார். கரடிகள் மட்டும் எந்த மேலிடத்தையும் கேட்கவில்லை.

ஆடியில் அப்பாசாமி துரை பங்களாவுக்குப் போனார். "ஏனுங்க, பழம் பூராவும் விழுந்து அழுகிப் போச்சுங்க. வருசத்துக் கஞ்சியே அதுலதானுங்க."

"தப்பு உம்முடைய சாமி மேலே. பூ வைக்கிறது யார்?"

"பூசாரி ராசப்பனுங்க. நம்ம மச்சான்."

"அவனுக்கு உம்ம மேலே கோபம் உண்டா?"

அப்பாசாமி தலையைச் சொறிந்தார். "கம்பெனியில மேஸ்திரி வேலை கேட்டானுங்க. இல்லேன்னுட்டேன்."

துரை வயிறு குலுங்கச் சிரித்தார். மச்சான் பூ வைத்துக் கம்பெனி நடத்தினால் உருப்படுமா என்று கால் மணி நேரம் உபதேசம் செய்தார். லண்டனில் எல்லாம் எழுத்து, கையெழுத்து, முத்திரை என்றார்.

"அங்க கையெழுத்துப் போடறது யாருங்க?"

"என் சம்சாரத்தின் தம்பி" என்று சொல்லி, அந்த ஒழுங்கை நிரூபிக்கக் கடிதங்களை எடுத்து உரக்கப் படித்தார். முதல் கடிதத்தின் கடைசி வரி: "கொல்லிமலைக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளும் என்கிறார் வைத்தியர்." இரண்டாவதில்: "அங்கே மேனேஜர் உத்தியோகம் காலியா?" மூன்றாவதில், "என் கேள்விக்கு இன்னும் பதில்..." என்ற இடத்தில் துரையின் குரல் தேய்ந்தது.

அப்பாசாமி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"நீங்களும் இல்லேன்னுட்டீங்களா, சாமி?"

துரை கடிதத்தை மடித்தார். "பதிலே போடவில்லை."