ஹ்ருஸ்கா என்று ஏழு முறை

“பேரை ஏன்டா போட்ட?” மார்னி கத்தினாள்.

கத்திப் பாடுவதுதான் இசைக்குழுவில் அவள் வேலை. பிலடெல்பியாவில் அவர்கள் குடியிருந்த நிலவறைக்கு முதல் இசைத்தட்டு முந்நூறு பிரதி வந்து இறங்கியிருந்தது. கத்தலில் ஒரு சொல்லும் விளங்காது என்பதால், உறைக்குள் பாட்டு வரிகளை அச்சடித்து வைப்பது இப்படிப்பட்ட குழுக்களின் வழக்கம். டிரம்ஸ் அடிக்கும் கோலின், பாட்டில் வரும் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்தே அச்சடித்துவிட்டான்.

வீட்டுக்காரர் ஹ்ருஸ்கா மாடியில் இருந்தார். மூன்று குளிர்காலமாகக் கீழே ஹீட்டர் ஓடவில்லை. புகார் சொன்னால் இறங்கி வருவார், தொட்டுப் பார்ப்பார், “நல்லாத்தானே ஓடுது” என்று போய்விடுவார். அந்த ஆத்திரம்தான் பாட்டு.

“பார்த்தா இன்னைக்கே துரத்திடுவாரு. நாளைக்கு இங்கதான்டா வெளியீடு.”

“நீ எழுதினதைத்தானே போட்டேன்?”

“வாயை மூடிட்டு மார்க்கரை எடு.”

முந்நூறு தாளிலும் பெயரைக் கறுப்பாக அடித்து முடிக்கையில், குழாயைப் பார்க்க ஹ்ருஸ்காவே இறங்கி வந்தார். வெறும் எழுத்தாக இருந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கறுப்புக் கட்டம் கண்ணை இழுத்தது. ஒரு தாளை எடுத்து பல்புக்கு நேரே பிடித்தார்.

“கெட்ட வார்த்தையாம்மா?”

“ஒரு ஆளோட பேரு சார்,” என்றான் கோலின். மார்னி அவன் காலை மிதித்தாள்.

“ஹீட்டர் மாதிரியே உன் நெஞ்சும் செத்துப்போச்சுன்னு இருக்கு. எந்த ஆளு?”

“என் பழைய காதலன்.”

“பேரு?”

அவசரத்துக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. “பாடியே காட்டறேன், கேட்டுக்கோங்க,” என்றாள்.

மூன்று வருஷக் குளிரையும் அவர் முகத்திலேயே கத்தித் தீர்த்தாள். ஹ்ருஸ்கா என்று ஏழு முறை வந்தது. கோலின் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹ்ருஸ்கா கண்ணாடியில் தெறித்த எச்சிலைத் துடைத்தார். “பாவம்மா நீ. ரொம்பத்தான் படுத்தியிருக்கான் அந்தப் பய,” என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

தப்பித்தோம் என்று கோலின் உட்கார்ந்துவிட்டான். மார்னியோ மார்க்கரைத் தூக்கி எறிந்தாள். மூஞ்சிக்கு நேரே திட்டியும் அந்த ஆளுக்கு உறைக்கவில்லையே.

படியில் துணிக்கூடையோடு நின்றிருந்தாள் அவர் மனைவி லொரெய்ன்.

“தினம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு வரி விடாம புரியும்,” என்றாள். “திட்டறதுன்னா சரியான ஆளைத் திட்டும்மா. மேல இருந்து உங்க ஹீட்டரை அணைக்கிறது நான்தான். அவரு பார்க்க இறங்கறப்ப மட்டும் போட்டு விடுவேன். சத்தம் தாங்கல, குளிர்ல காலி பண்ணிட்டுப் போவீங்கன்னு பார்த்தேன். நீங்க பாட்டுல்ல கட்டிட்டீங்க.”